கார்பைடு பிளேடும் மூன்று பியூஸ் கட்டைகளும்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாஷ்டா கடையைக் கழுவி மூடிவிட்டு, மத்தியான ரயில் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு கடிதத்துக்கு எனக்கு ஒரு பொழுது ஆகும். அதில் ஒரு வசதி, எந்த வரியையும் தாண்டிப் போக முடியாது. நீ எழுதிவிட்டு மையால் அடித்திருந்த வரியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டேன். பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை வலித்தால் நிறுத்திவிட்டு மாவாட்டப் போய்விடுவேன். எங்காவது விட்டுவிட்டு எங்காவது தொடங்கியிருந்தால் அதுதான் காரணம்.

நீ சொல்லியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். தை பிறந்ததும் அம்பத்தூர் வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் திறக்கிற கம்பெனிக்கு வருகிறாய். இரும்பு உருக்குகிற உலைக்குள்ளே பதிக்கும் ஃபயர் செங்கல் செய்கிற கம்பெனி. கவரைப்பேட்டையில் நானும் உன் நைனாவும் உழைத்த அதே தொழில், இன்னும் பெரிதாக. அங்கே மண் கலக்கிற மிக்சருக்கு எந்த பிளேடு வாங்குவது, அந்த மிக்சரை ஓட்ட யாரை நிறுத்துவது, இரண்டையும் உன்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். நீ எழுதியிருக்கிறாய்: நைனாவைக் கொன்றது கார்பைடு பிளேடு, அது வேண்டாம், சாதா இரும்பே போதும். வேலை கேட்டு வந்த மனுக்களில் எத்திராஜ் பெயர் இருக்கிறது, அதைக் கிழித்துப் போடப் போகிறேன். அம்மா, நீ சரி என்று ஒரு வரி எழுது. இவ்வளவுதான் உன் கடிதம். ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை.

பிளேடை முதலில் சொல்கிறேன். அந்த மிக்சர் வந்தபோது நீ ஆறாம் வகுப்பு. அதற்கு முன்பு மண்ணைக் காலால் மிதித்துக் கலந்தோம். பழவேற்காட்டு பாய், நம் முதலாளி, யாரோ மூடிய பட்டறையிலிருந்து அந்த மெஷினை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வட்டமான பெரிய இரும்புத் தொட்டி. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து கைகள், கைகளின் முனையில் பிளேடு. தண்டு சுற்றும்போது பிளேடு அடியைச் சுரண்டி மண்ணைப் புரட்டிப் போடும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் கலப்பது வெறும் மண் இல்லை என்பதை நினைவில் வை. சுட்டு உடைந்த செங்கல்லை மறுபடி பொடித்து, சலித்து, அந்தக் குருணையைப் பச்சை மண்ணோடு சேர்க்கிறோம். அந்தக் குருணைதான் இரும்பைத் தின்கிறது. நான் அதைத் தலையில் சுமந்து தொட்டியில் கொட்டினவள். என் சும்மாட்டுத் துணியே வாரத்தில் சல்லடையாகிவிடும், இரும்பு என்ன செய்யும்?

சாதா இரும்புத் தகடு போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும், தெரியும் என்பாய். தேய்கிறதில் செலவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீ வேறொன்றைப் பார். பிளேடு தேய்ந்தால் அதற்கும் தொட்டியின் அடிக்கும் நடுவில் சந்து விழும். அந்தச் சந்தில் மண் ஒட்டி, தோசைக்கல்லில் தீய்ந்த மாவு மாதிரி அடையாகப் பிடிக்கும். அடை கலக்காது, காய்ந்து கல்லாகும். அது பெயர்ந்து நல்ல மண்ணில் விழுந்தால் செங்கல் சூளையில் வெடிக்கும். அதனால் சாயங்காலமானால் யாராவது ஒருவர் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்க வேண்டும். தினமும் உன் நைனா இறங்கினார். சாதா இரும்பு வாங்கினால் தினமும் ஒரு மனுஷனை உள்ளே இறக்குகிறாய். விலைச் சீட்டில் அது எழுதியிருக்காது.

அவர் இறங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ராயபுரத்தில் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் அது வழக்கமாம். மெஷினை நிறுத்தினால் போதாது, மெயினை அணைத்தாலும் போதாது. சுவரில் இருக்கிற பெட்டியைத் திறந்து, பீங்கான் பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். கட்டை இல்லாமல் எவன் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மெஷின் அசையாது. பிடுங்கின கட்டையை உள்ளே இறங்குகிறவனே எடுத்துப் போக வேண்டும். உன் நைனா உளி அடிக்கும்போது சட்டையைக் கழற்றிவிடுவார், லுங்கியில் வைத்தால் நழுவும். அதனால் என் மடியில் கட்டிவிடுவார். அவர் வெளியே வரும்வரை நான் தொட்டியின் பக்கத்தை விட்டு நகரக்கூடாது.

"இந்தாமே, என் உசுரு. கீழே போட்டுடாதே" என்பார்.

"உன் உசுரு பீங்கான்லயாய்யா கீது?" என்பேன்.

மிக்சர் ஓட்டுகிற எத்திராஜ் அப்போது பக்கத்திலேயே பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பான். "அண்ணி, அத்த அடகுல வச்சு ஒரு பொடவ எடுத்துக்கினு வந்துடுங்க. அண்ணன் அதுவரைக்கும் உள்ளயே ஜாலியா குந்திக்கினு இருக்கட்டும்."

"டேய், நீ மொதல்ல பீடிய அணை. சாம்பலு தலையில வுழுது" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வரும்.

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். சிரிப்பு வராத நாளிலும் நடக்கும். எத்திராஜ் அப்படி ஒரு ஆள். வேலையில் சுத்தம், வாயில் மட்டும் கட்டுப்பாடு இல்லை.

தேய்மானத்தைக் குறைக்க உன் நைனா எதையெல்லாமோ போட்டுப் பார்த்தார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அறுத்துப் போட்டார். அது பரவாயில்லை, சாதா இரும்பைவிட நின்றது. பிறகு முனையில் கெட்டியான ராடு வைத்து வெல்டிங் மேடு போட்டார். மேடு இருந்த இடம் நின்றது, மேட்டுக்கு நடுவில் இருந்த இடம் பள்ளமாக அரித்தது, சீப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் பாய் எங்கோ கேட்டுவிட்டு மாங்கனீசு இரும்பு வாங்கி வந்தார். கல் உடைக்கிற மெஷினில் அதைத்தான் போடுகிறார்களாம், வருஷக் கணக்கில் தேயாதாம்.

"பாய், கல்லு மெஷினுக்கு அது சோக்கா கீது. அடி வாங்க வாங்கத்தான் அது கெட்டியாவும். இங்க அடி எங்க கீது? வெறும் தேய்ப்பு. அடியே வாங்காம தேய்ஞ்சா அதுவும் நம்ம சாதா இரும்புதான்" என்றார் உன் நைனா.

"வாங்கிட்டேனேப்பா. சும்மா போட்டுப் பாரேன்" என்றார் பாய்.

போட்டார். உன் நைனா சொன்னபடிதான் ஆயிற்று. பாய் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, உன் இஷ்டத்துக்கு நீயே வாங்கு. நான் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டார். கார்பைடு அப்படித்தான் வந்தது.

இரண்டு பேரும் சென்னைக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி வந்தார்கள். பிஸ்கோத்துத் துண்டு மாதிரி, சாம்பல் நிறத்தில், ஓரம் கூராக. கையில் வாங்கினேன். அந்த அளவுக்கு இருக்கக்கூடாத கனம். முழு பிளேடும் கார்பைடு இல்லை. இரும்பு பிளேடின் தேய்கிற ஓரத்தில் இந்தத் துண்டுகளை வரிசையாகப் பித்தளை உருக்கி ஒட்ட வேண்டும். ஒட்டிப் போட்டார். முதல் வாரத்திலேயே பாதித் துண்டு முனை உடைந்துவிட்டது. தேயவில்லை, உடைந்தது. கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி.

மறுபடி சென்னைக்குக் கிளம்பினபோது, நான் கொட்டுகிற குருணையில் ஒரு பிடி எடுத்து, காகிதத்தில் மடித்து, உன் நைனா கையில் கொடுத்தேன். பெரிய யோசனை ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கப் போனால் பழைய சட்டையை அளவுக்கு எடுத்துப் போகிறோம் இல்லையா, அந்த மாதிரி. கடைக்காரர் அதைப் பிரித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "போன தபா லேத்துக்குன்னு நினைச்சு இருக்கறதுலயே கெட்டி ரகத்தைக் குடுத்துட்டேன். அது இரும்பு சீவறதுக்கு. உங்களுது கல்லோட மல்லுக்கட்டுது. சுரங்கத்துல பாறை துளைக்கிறதுக்குப் போற ரகம் ஒண்ணு இருக்கு, கெட்டி கொஞ்சம் கம்மி, ஆனா அடி தாங்கும்" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தாராம். அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். கார்பைடு என்றால் ஒன்று என்று நினைக்காதே. அதில் ரகம் இருக்கிறது. உன் கம்பெனியின் கலவையில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போ. எது ரொம்பக் கெட்டி என்று கேட்காதே. இந்த மண்ணுக்கு எது என்று கேள்.

ஒட்டுகிறது நம் வீட்டு வாசலில் நடந்தது. ஒட்டின சூட்டோடு அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால், அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழுந்துவிடும். மெதுவாக ஆற வேண்டும். அதற்கு என் அடுப்புச் சாம்பலைக் கேட்டார். நான் பாத்திரம் துலக்க வைத்திருந்த சாம்பல் மொத்தத்தையும் ஒரு தகர டின்னில் கொட்டி, அதில் பிளேடைப் புதைத்து வைத்தோம். மறுநாள் எடுத்துத் தட்டிப் பார்த்தார். சத்தம் மணி மாதிரி வந்தால் நல்லது, ஓட்டைப் பானை மாதிரி வந்தால் தள்ளு என்றார். நீ லீவுக்கு வந்திருந்த சமயம், "இன்னா நைனா, குழம்புல போட்டுத் தாளிக்கிறீங்களா?" என்று கேட்டாய். அவர் பதிலுக்கு, "உங்கம்மா கொழம்புக்கு முன்னால இது மெத்துன்னு இருக்கும்டா" என்றார். அந்த வாரம் அவருக்கு நான் குழம்பே வைக்கவில்லை.

மாட்டும்போது சந்து எவ்வளவு விடுவது என்பதுதான் பெரிய வேலை. குருணையின் பருமனும் சந்தும் ஒன்றாக இருந்தால், குருணை பல்லில் மாட்டின பாக்குத் துண்டு மாதிரி நடுவில் சிக்கும். சிக்கினால் கார்பைடு உடையும். ஒன்று, குருணை நுழையாதபடி நெருக்கி வைக்க வேண்டும். முடியாவிட்டால், சிக்காமல் உருண்டு போகிறபடி தாராளமாக விட வேண்டும். அப்போது அடை பிடிக்கும். உன் நைனா நெருக்கித்தான் வைத்தார். இரும்பு அறுக்கிற மெல்லிய ஆக்சா பிளேடு ஒன்றைச் சந்தில் விட்டு, உரசிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார். இரும்பு ஆணி, சுத்தித் துணுக்கு எதுவும் உள்ளே போகக்கூடாது என்று உடைந்த ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்துக் குருணை விழுகிற தகரத்தின் அடியில் கட்டினார். சாயங்காலம் அதில் ஒட்டியிருக்கும் ஆணிகளைப் பிடுங்குவது என் வேலை.

இவ்வளவும் செய்த பிறகு அந்த பிளேடு நின்றது, கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். நீ வேண்டாம் என்கிற அந்த கார்பைடு, வேறு எதுவும் நிற்காத மாதிரி நின்றது. தொட்டியின் அடி துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அடை இல்லை, உளி இல்லை, தினமும் இறங்குகிற வேலை இல்லை. செங்கல் வெடிப்பது குறைந்தது. பாய் என்னை மிக்சர் பக்கத்திலிருந்து எடுத்துக் காய வைக்கிற களத்துக்கு அனுப்பினார், அங்கே செங்கல் அதிகமாகிவிட்டதால். உன் நைனாவின் முதுகு வலி போயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கூப்பிட்ட காலம் அதுதான். அது நல்ல காலம். அதையும் சேர்த்துத்தான் நீ வேண்டாம் என்று எழுதுகிறாய்.

அந்த நல்ல காலத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை, அதனால் யாரும் பியூஸ் கட்டையைப் பிடுங்கவில்லை. அந்தப் பெட்டியின் கதவையே யாரும் திறக்கவில்லை. பின்னால் நான் பார்த்தபோது கதவுக் கீலில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது. தினமும் செய்கிற வரைக்கும் அது கையோடு வந்தது, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எப்போதாவது ஒரு நாள் என்று ஆனபோது அதை நினைத்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. நினைக்கவில்லை. பிளேடு மேல் நான் சொல்கிற குறை இது ஒன்றுதான். அது பிளேடின் குறையும் இல்லை.

போன மாசியில் நடந்ததை உனக்குப் போலீஸ்காரரும் பாயும் சொன்னார்கள். நான் எத்திராஜிடம் கேட்டதைச் சொல்கிறேன். அன்று காலையிலிருந்து தொட்டிக்குள் டக் டக் என்று ஒரு சத்தம். ஒரு துண்டு முனை உடைந்திருக்கலாம் என்று உன் நைனா சொல்லியிருக்கிறார். மெஷினை நிறுத்திப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. அப்போதெல்லாம் மத்தியானத்தில் தினமும் போகும், போனால் சீக்கிரம் வராது.

"அண்ணே, நான் போயி டீ குட்ச்சிட்டு வரேன். உனுக்கு வாங்கியாரவா?" என்று எத்திராஜ் கேட்டிருக்கிறான்.

"வாணாம்டா. நீ போ. கரண்டு பேஜாரு இன்னிக்கு லேசுல தீராது" என்றாராம் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. அவன் போன பிறகு இவருக்குத் தோன்றியிருக்கிறது, சும்மா இருக்கிற நேரத்தில் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று. கரண்டே இல்லாத ஊரில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவானேன் என்று நினைத்திருப்பார். நான் களத்தில் இருந்தேன். மடியில் கட்ட ஆள் இல்லை. டீக்கடையில் பல்பு எரிந்ததும் எத்திராஜ் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான், போன நேரத்தை ஈடு கட்ட. அந்தத் தொட்டிக்குள் ஆள் இருக்கலாம் என்று நினைக்கிற பழக்கம் அவனுக்கும் போய்விட்டிருந்தது. வந்தான், அழுத்தினான். அதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

சுடுகாட்டில் நீ அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாய். உனக்கும் பிடிப்பதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. நான் அழவில்லை என்று களத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். வீட்டில் ஒரு டின் சாம்பல் அப்படியே இருந்தது. அதை எடுத்துப் பாத்திரம் துலக்கத் தொடங்கினேன். பத்துப் பாத்திரம் துலக்கின பிறகு கை ஓடவில்லை, நிறுத்திவிட்டேன். பாய் மெஷினை விற்றுவிட்டு, சூளையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டுப் பழவேற்காட்டுக்கே போய்விட்டார். போகும்போது, "உனக்கு என்னம்மா வேணும்? கேளு" என்றார். அந்த மூன்று பியூஸ் கட்டையைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், குளவிக் கூட்டைத் தட்டிவிட்டுப் பிடுங்கித் தந்தார். இப்போது கடையில் வாழை இலைக் கட்டு பறக்காமல் இருக்க அதன்மேல் வைக்கிறேன். நல்ல பாரம்.

எத்திராஜ் அதற்குப் பிறகு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. கவரைப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். ஆடி மாசத்தில் ஒரு நாள் நான் அவன் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அன்று என்ன நடந்தது என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது, அங்கே இருந்தவன் அவன் ஒருவன்தான். என்னைப் பார்த்ததும் பின்பக்கமாக எழுந்து போகப் பார்த்தான். அவன் பெண்சாதி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போற? அக்கா நடந்து வந்துகீறாங்க. குந்து."

குந்தினான். நான் கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மேலே எழுதினேனே, அது அப்போது கேட்டதுதான். பொழுது சாய்ந்துவிட்டது. "லைட்டப் போடேன்யா, அக்கா முகமே தெரில" என்றாள் அவள். அவன் எழுந்து சுவிட்சு பக்கம் போனான். போனவன் போடவில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தான். உள் அறையில் தலையை நீட்டி, "யாருனா கீறீங்களா?" என்று கேட்டான். அங்கே ஒரு பானையும் பாயும் தவிர ஒன்றுமில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகுதான் போட்டான்.

"தெனமும் இதே பாடுதான் அக்கா" என்று அவள் சொன்னாள். "ஊட்ல கீற ஒரு பல்பு. அத்தப் போடறதுக்கு ஊரையே கூப்டுவாரு. பக்கத்து ஊட்டுக்காரி, இன்னாடி உன் ஊட்டுக்காரரு லைட்டுக்கு ஏலம் வுடறாருன்றா."

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பழைய எத்திராஜா இருந்தா இந்நேரம் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பே" என்றேன். "அந்த எத்திராஜு டீக்கடையிலயே நின்னுட்டான் அண்ணி" என்றான்.

உனக்கு ஒன்று தெரியாது. அந்த மனுவை அவனாகப் போடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஆள் எடுக்கிறார்கள், நீயும் அங்கே வரப் பேச்சு நடக்கிறது என்று கடையில் சாப்பிட வந்தவர்கள் பேசினதைக் கேட்டு, நான்தான் போய்ச் சொன்னேன். மாட்டேன் என்றான். "அண்ணி, அங்க தம்பி வருதாமே. என் மூஞ்சிய தெனமும் அது இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்றான். "நீ எழுதிக் குடு. பாக்கறதும் பாக்காததும் அவன் பாடு" என்றேன். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தான். அதைத்தான் நீ கிழிக்கப் போகிறேன் என்கிறாய்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். கார்பைடே வாங்கு. பாறை துளைக்கிற ரகம் வாங்கு. பிளேடை ஏற்றி இறக்குகிற போல்ட்டு, தொட்டிக் கதவைத் திறந்து வெளியிலிருந்தே முடுக்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதிக் கேள். அப்படி இல்லாவிட்டால் அந்த மெஷினை வாங்காதே. காந்தம் கட்டு, அதில் ஆணி பிடுங்க ஒரு ஆளை வை. இவ்வளவும் செய்தால் யாரும் உள்ளே இறங்காமல் மாசக் கணக்கில் ஓடும். மாசக் கணக்கில் ஓடுவதுதான் பயம். அதனால் வாரத்தில் ஒரு நாள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பியூஸ் கட்டையைப் பிடுங்கு. தொட்டிக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும் இறங்கிப் பார்த்துவிட்டு வா. கரண்டு இல்லாத நாளிலும் பிடுங்கு. மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கை மறக்கக்கூடாது.

அந்த மெஷினுக்கு யாரை நிறுத்துவது என்றால், நீ எத்தனை மனுவைப் பிரித்துப் பார்த்தாலும், பொத்தானில் கை வைப்பதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கவே முடியாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான் இருக்கிறான். அந்த எட்டிப் பார்க்கிற பழக்கத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம். அது வேறு யாருக்கும் உதவாமல் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வேண்டாம். உனக்கு அவன் முகத்தைப் பார்க்க முதலில் கஷ்டமாக இருக்கும். எனக்கும் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவன் பெண்சாதி என் கடைக்கு மாவாட்ட வருகிறாள். இப்போது எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

தெவசத்துக்கு வரும்போது அந்த மூன்று கட்டையை எடுத்துப் போ. உன் கம்பெனிப் பெட்டியில் அளவு சேராது என்று தெரியும். சேர வேண்டாம், மேஜைமேல் இருக்கட்டும். நான் இலைக் கட்டுக்கு வேறு கல் வைத்துக்கொள்வேன். நீ தொட்டிக்குள் இறங்குகிற நாளில் உன் மெஷினின் பியூஸ் கட்டையை என்னிடமோ, உனக்கு வரப்போகிறவளிடமோ, வேறு யாரிடமோ கொடுக்காதே. அது உன் சட்டைப்பையில் இருக்கட்டும். சுவிட்சு எத்திராஜ் கையில் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்.